டிஎஸ்எல்ஆர் கேமரா: பிடி, பட்டன், 'டக்' சத்தம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி முழுக்க சென்னை சபாக்களில் கச்சேரிப் படம், மற்ற மாதங்களில் கல்யாணம், காதுகுத்து என்று பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் டிஎஸ்எல்ஆர் தேடுகிறவர்கள் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்பதெல்லாம் மெகாபிக்சலைப் பற்றி. வாங்கி இரண்டு மாதம் கழித்துக் கேட்பது வேறு மாதிரி இருக்கும்: மணிக்கட்டு வலிக்கிறது, இருட்டில் பட்டன் கைக்கு அகப்படவில்லை, கிளிக் பண்ணினால் முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. இந்த இரண்டாவது வகைக் கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஷட்டர் சத்தம் என்கிறோமே, அது உண்மையில் எங்கிருந்து வருகிறது?

பெரும்பங்கு கண்ணாடியிலிருந்து. பெயர்தான் ஷட்டருக்கு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஃபேனை அணைத்துவிட்டு, ஷட்டர் ஸ்பீடை ஒரு செகண்டில் வைத்து ஒரு படம் எடுங்கள். முதலில் 'டப்' என்று ஒரு சத்தம். லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடி மேலே எகிறி மோதுகிறது, அதை ஒட்டியே ஷட்டரின் முதல் திரை திறக்கிறது. பிறகு ஒரு செகண்ட் நிசப்தம். அடுத்து இரண்டாவது திரை மூடுகிறது, கண்ணாடி கீழே வந்து விழுகிறது, கூடவே மோட்டார் ஸ்பிரிங்குகளை மறுபடி இழுத்து வைக்கிற ஒரு சின்ன 'ஸ்ரக்'. 1/125 வைத்தால் இவ்வளவும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஒரே 'டக்'காகக் காதில் விழுகிறது, அவ்வளவுதான். கண்ணாடி எவ்வளவு பெரியதோ அவ்வளவு கனம், அதனால் ஃபுல் ஃபிரேம் பாடிகள், அதாவது பெரிய சென்சார் உள்ள கேமராக்கள், பொதுவாகக் கூடுதலாகச் சத்தம் போடும். ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கீழே வரும் கேனான் 6டி இதை நன்றாகவே மீறும்.

சரி, எந்த மாடல் சத்தம் அதிகம், எது குறைவு?

சத்தத்தின் அளவை விட அதன் ஸ்தாயியைக் கவனியுங்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சஸ்தாயியில் உலோகம் உலோகத்தில் பட்ட மாதிரி 'ளக்' என்று வருவது கடைசி வரிசை வரை போகும். மந்தரத்தில் 'தொப்' என்று வருவது, பஞ்சு மூட்டையில் குத்திய மாதிரி, பக்கத்து சீட்டோடு நின்றுவிடும்.

2008இல் வந்த மூன்று பெரிய பாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நிக்கான் டி700, சோனி ஏ900, கேனான் 5டி மார்க் 2. டி700 கறாரான ஆள், ஒவ்வொரு கிளிக்கும் ஒரு அறிவிப்பு. ஏ900இன் வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் இடம், பெரிய ஜன்னல் மாதிரி அருமையாக இருக்கும், ஆனால் அதன் கண்ணாடியும் பெரிது, சத்தம் கதவை அறைந்த மாதிரி. 5டி மார்க் 2 இந்த இரண்டையும் விடக் கொஞ்சம் மந்தமாக ஒலிக்கும், ஆனாலும் சபாவுக்கு ஆகாது, வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது சைலண்ட் என்று தனி மோடு அதில் கிடையாது.

2012இல் கேனான் 5டி மார்க் 3ம் 6டியும் வந்தன, இரண்டிலும் சைலண்ட் மோடு உண்டு. என் காதுக்கு 6டிதான் இன்னும் இனிமை, அந்த மோடில் வைத்தால் யாரோ மூன்று சீட் தள்ளி பர்ஸை மூடியது போலத்தான் கேட்கும். நிக்கான் பக்கம் டி800ஐயும் 2014இல் வந்த டி810ஐயும் அடுத்தடுத்து வைத்து அமுக்கிப் பாருங்கள், ஒரே வீட்டு அண்ணன் தம்பி என்று நம்ப முடியாது. டி810இல் கண்ணாடி இயங்கும் விதத்தையே மாற்றிவிட்டார்கள், சத்தம் குட்டையாக, மிருதுவாக முடிந்துவிடும்.

பெண்டாக்ஸ் கே-5 (2010), அதற்கும் முன்னால் ஒலிம்பஸ் இ-1 (2003), இந்த இரண்டும் சத்தம் குறைவு என்பதற்காகவே ரசிகர்களைச் சம்பாதித்தவை. நம் ஊர் செகண்ட் ஹேண்ட் கடைகளில் அவற்றைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம், கிடைத்தாலும் லென்ஸுக்கு அலைய வேண்டும். பழைய ஒலிம்பஸை இனிமேல் வாங்குவது ஆசைக்குத்தான், பிழைப்புக்கு அல்ல.

சைலண்ட் மோடு, 'கியூ' மோடு இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. கேனானின் சைலண்ட் மோடு கண்ணாடியின் வேகத்தைக் குறைத்து, மெதுவாக இறக்கி வைக்கிறது. விலையாக வேகத்தைக் கொடுக்கிறீர்கள்: 5டி மார்க் 3 செகண்டுக்கு 6 படம் எடுக்கும், சைலண்டில் அது 3 ஆகிவிடும். கச்சேரிக்கு மூன்றே அதிகம்.

நிக்கான் டி7000 போன்ற பாடிகளில் இருக்கும் 'கியூ' வேறு தந்திரம். நீங்கள் ஷட்டர் பட்டனை முழுதாக அமுக்கியபடி வைத்திருக்கும் வரை கண்ணாடி மேலேயே நிற்கும், விரலை எடுத்தால்தான் கீழே வரும். அதாவது சத்தத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பாதியை எப்போது வெளியே விடுவது என்பதை உங்கள் விரலிடம் கொடுக்கிறது. முதல் பாதி கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. வெறுமனே கியூவில் வைத்துவிட்டுப் பழையபடி பட்டென்று அமுக்கி எடுத்தால் பெரிய பலன் இருக்காது, "கியூவில் போட்டும் சத்தம் வருதே சார்" என்று கேட்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான். அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மிருதங்கத்தில் ஒரு அழுத்தமான அடி விழும்போது விரலை எடுங்கள். அதுவரை வியூஃபைண்டர் இருட்டாக இருக்கும், அதற்குப் பழக வேண்டும்.

2013இல் வந்த டி610 முதல் 'கியூசி' என்று ஒன்றும் சேர்ந்தது, செகண்டுக்கு 3 படம் வரை தொடர்ந்து மெதுவாக எடுக்கும்.

சுத்தமாகச் சத்தமே இல்லாமல் டிஎஸ்எல்ஆரில் எடுக்க முடியாதா?

முடியும், லைவ் வியூவில், அதாவது வியூஃபைண்டரை விட்டுவிட்டுப் பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் மோடில். அதில் கண்ணாடி ஏற்கெனவே மேலே போய்விட்டதால் பெரிய சத்தம் ஒழிந்தது. கேனான் 40டி (2007) காலத்திலிருந்தே லைவ் வியூவுக்கு என்று தனி சைலண்ட் செட்டிங் இருக்கிறது, 5டி மார்க் 2 வைத்திருப்பவர்களுக்கு அதுவே கதி. நிக்கான் டி850 (2017), டி780 (2020) இரண்டிலும் ஷட்டர் திரையே அசையாமல் முழு எலக்ட்ரானிக்காக எடுக்கலாம், ஊசி விழுந்தால் கேட்கும் ஹாலில்கூட ஒருவருக்கும் தெரியாது.

இதில் இரண்டு வில்லங்கம். ஒன்று, சென்சார் மேலிருந்து கீழே வரிவரியாகப் படிக்கப்படுகிறது, அதற்கு நேரம் எடுக்கும். வயலின் வில் வேகமாகப் போகும்போது லேசாக வளைந்து பதிவாகலாம். இன்னொன்று மேடை விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்ஈடி விளக்குகள் செகண்டுக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் மட்டும் பட்டை பட்டையாக, சுங்குடிப் புடவையின் கரை போல, பாடகர் முகத்தின் குறுக்கே விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். எல்லா விளக்குக்கும் இது பலிக்காது, கச்சேரி தொடங்கும் முன்பே இரண்டு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். டி850இன் லைவ் வியூ ஃபோகஸ் நிதானமானது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், டி780 இந்த விஷயத்தில் பல மடங்கு தேவலை.

கச்சேரியில் எப்போது கிளிக் பண்ணலாம்?

ஆலாபனையில் பண்ணாதீர்கள். அதிலும் ராகத்தின் ஆரம்பத்தில், தம்புரா மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது, கூடவே கூடாது.

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு சபாவில் முன் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று என் கையில் இருந்தது நல்ல முரட்டுச் சத்தக்காரன். பாடகி கண்ணை மூடி மந்தர பஞ்சமத்தில் நின்றுகொண்டிருந்தார், முகம் அவ்வளவு அழகாக இருந்தது, நான் மூன்று முறை தொடர்ச்சியாக அமுக்கிவிட்டேன். முன்னால் இருந்த மாமா திரும்பி ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் உயர்த்தி, போதும் என்பது போலக் காட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. இடைவேளையில் ஒலிப்பதிவு செய்கிறவர் வந்து ஹெட்ஃபோனைக் கையில் கொடுத்து, கேட்டுப் பாருங்கள் என்றார். மூன்று 'ளக்'கும் தாளம் தப்பிய கஞ்சிரா மாதிரி துல்லியமாகப் பதிவாகியிருந்தன.

கல்பனாஸ்வரம் சூடு பிடித்ததும் எடுக்கலாம், தனி ஆவர்த்தனத்தில் தாராளமாக எடுக்கலாம், கைதட்டலில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நல்ல முகபாவமும் கை வீச்சும் சத்தம் கூடும் இடங்களில்தான் வருகின்றன, அதனால் நஷ்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீணைக் கச்சேரி மட்டும் கஷ்டம், அங்கே இடமே கிடைக்காது.

கல்யாணத்துக்கு சைலண்ட் கேமரா அவசியமா அண்ணா?

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து கெட்டி மேளம் கொட்டும்போது உங்கள் கேமரா சத்தம் உங்களுக்கே கேட்காது தம்பி. அந்தக் காசை ஒரு நல்ல ஃபிளாஷில் போடுங்கள். சர்ச் கல்யாணம் என்றால் கதை வேறு, வாக்குறுதி சொல்லும்போது ஹால் அப்படியே நின்றுவிடும், அங்கே 6டி மாதிரி ஒன்று கையில் இருந்தால் பாதிரியாரிடம் நல்ல பேர் வாங்கலாம்.

கேனானா நிக்கானா, கைக்கு எது வாகு?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். ஆனால் வித்தியாசங்கள் நிஜமானவை, கடையில் ஐந்து நிமிஷம் பிடித்துப் பார்த்தால் தெரியாதவை.

கேனானில் ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் மேலே ஒரு சின்ன சக்கரம், முதுகில் கட்டை விரலுக்குப் பெரிய வட்டச் சக்கரம். மேனுவல் மோடில் மேலே ஷட்டர் ஸ்பீடு, பின்னால் அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு). அப்பெர்ச்சர் மோடுக்குப் போனால் அந்தப் பெரிய சக்கரம் நேரடியாக எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) கூட்டும் குறைக்கும், வேறு பட்டனே வேண்டாம். மேடையில் விளக்கு மாறிக்கொண்டே இருக்கும்போது இது வரப்பிரசாதம். அதே சக்கரம் சட்டையில் உரசித் தானாகத் திரும்பி, அரை மணி நேரம் எல்லாப் படமும் இருட்டாக வந்த கதையும் உண்டு, அதற்காகத்தான் பூட்டு வைத்திருக்கிறார்கள்.

நிக்கானில் இரண்டு சக்கரம், ஒன்று முன்னால் ஆள்காட்டி அல்லது நடுவிரலுக்கு, ஒன்று பின்னால் கட்டை விரலுக்கு. பிடியை விடாமலே இரண்டையும் திருப்பலாம், எனக்கு இது பிடிக்கும். எக்ஸ்போஷரைக் கூட்டக் குறைக்க ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு சக்கரத்தைத் திருப்ப வேண்டும், மெனுவில் மாற்றினால் பட்டன் இல்லாமலும் செய்யலாம். ஆன்/ஆஃப் ஷட்டர் பட்டனைச் சுற்றியே இருக்கிறது, கேமராவைத் தூக்கும்போதே ஒரு விரலில் ஆன். கேனானில் பல மாடல்களில் இதற்கு இடது கை வர வேண்டும்.

ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) பட்டன்தான் நிக்கானிடம் எனக்கு ரொம்ப நாள் மனக்குறை. டி700இல் இடது தோளில், டி750இல் திரைக்கு இடப்பக்கம், அதாவது லென்ஸைத் தாங்கிக்கொண்டிருக்கும் கையை எடுத்தால்தான் மாற்ற முடியும். டி500 (2016), டி850 இரண்டிலும் அதை ஷட்டர் பட்டன் பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கேனான் 5டி வரிசையில் அது முதலிலிருந்தே வலது கைப் பக்கம்தான்.

இதெல்லாம் போக, இரண்டும் எதிரும் புதிரும். லென்ஸை மாட்டும் திசை எதிர், ஜூம் திருப்பும் திசை எதிர், சில பழைய நிக்கான்களில் மீட்டரின் கூட்டல் குறிகூட இடப்பக்கம் இருக்கும். ஒன்றில் பத்து வருஷம் ஓட்டியவர் இன்னொன்றுக்கு மாறினால் ஆறு மாதத்துக்கு வலப்பக்க ஸ்டியரிங் ஓட்டியவர் அமெரிக்காவில் வண்டி எடுத்த நிலைமைதான். சினேகிதனிடம் இரவல் லென்ஸ் கிடைக்குமா என்று பார்த்து அவன் வைத்திருக்கும் கம்பெனியையே வாங்குவது, கேட்கக் கேவலமாக இருந்தாலும், நல்ல யோசனை.

ஒரு டயல் உள்ள ஆரம்ப நிலைக் கேமரா போதாதா?

கேனான் 1500டி, நிக்கான் டி3500 (இரண்டும் 2018) மாதிரியானவற்றில் ஒரே சக்கரம். மேனுவலில் அப்பெர்ச்சரை மாற்ற இன்னொரு பட்டனை அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். பகலில் பூங்காவில் குழந்தையை எடுக்க இது ஒரு குறையே இல்லை. விளக்கு மாறும் மேடையில் நீங்கள் பட்டன் தேடி முடிப்பதற்குள் பல்லவி முடிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி7200 அல்லது கேனான் 80டி வாங்குங்கள், இரண்டு சக்கரமும், பிரகாசமான பிரிசம் வியூஃபைண்டரும் கிடைக்கும். டி3500இலும் டி5600இலும் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை என்பதால் நிக்கானின் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அதில் தானாக ஃபோகஸ் ஆகாது, டி7200இல் ஆகும். அந்த லென்ஸ்கள் ஃபோகஸ் ஆகும்போது 'கிர்ர்' என்று சத்தம் போடும் என்பது வேறு விஷயம்.

கனம் குறைவாக இருந்தால் கை வலிக்காது இல்லையா?

அப்படித்தான் நானும் நினைத்தேன். பேட்டரியோடு டி3500 415 கிராம், 6டி 770, டி750 840, 5டி மார்க் 3 950, டி850 ஒரு கிலோவைத் தாண்டி 1005. ஆனால் மேடைக்கு மாட்டுகிற 70-200 எஃப் 2.8 லென்ஸ் தனியாகவே ஒன்றரைக் கிலோ வரும். அதைச் சின்னப் பாடியில் மாட்டினால் முன்பக்கம் தலை தொங்கும், பிடியில் சுண்டு விரலுக்கு இடமில்லாமல் அது அடியில் மடங்கிக்கொள்ளும், பாரமெல்லாம் மூன்று விரலில். இரண்டு மணி நேரக் கச்சேரி முடிவதற்குள் மணிக்கட்டு சொல்லிவிடும். டி750இன் பிடி ஆழமானது, விரல் நுனிகள் உள்ளே புதைந்துகொள்ளும், கனத்தைப் பார்த்தால் டி3500ஐப் போல இரண்டு மடங்கு, ஆனால் எனக்கு வலி குறைவு.

கண்ணாடி போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 5டி மார்க் 3இன் ஐபாயிண்ட், அதாவது கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தும் முழுப் படமும் தெரியும் என்கிற தூரம், 21 மில்லிமீட்டர், டி850இல் 17. டி850இல் படம் பெரிதாகத் தெரியும், ஆனால் மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் நான்கு மூலையும் ஒரே பார்வையில் அகப்படாமல் கண்ணை உருட்ட வேண்டியிருக்கும்.

முதல் வேலையாக எதை மாற்றணும்?

பீப்பை அணைக்க வேண்டும். ஃபோகஸ் ஆனதும் 'பீபீப்' என்று கத்துமே, அது. ஷட்டரையாவது ஜனங்கள் மன்னிப்பார்கள். ஃபோகஸுக்கு உதவியாக அடிக்கும் முன்பக்க விளக்கையும் கையோடு அணைத்துவிடுங்கள்.

பட்டன் அமைப்புக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறீர்களே?

நேரடிச் சம்பந்தம். கேமரா கைக்குப் பழகாதவர் பயத்தில் எடுக்கிறார். எக்ஸ்போஷர் சரியா என்று ஒன்று, ஃபோகஸ் புள்ளி கண்ணில் விழுந்ததா என்று இரண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாலு. ஆக ஒரு முகத்துக்கு ஏழு சத்தம். பழகியவர் பார்வையை எடுக்காமலே ஐஎஸ்ஓவை மாற்றி, ஜாய்ஸ்டிக்கில் புள்ளியை நகர்த்தி, காத்திருந்து ஒன்று எடுக்கிறார். டி700இல் ஒரு 'டக்', 6டியில் ஏழு 'தொப்', ஹாலில் இருக்கிறவருக்கு எது தொந்தரவு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்பக்கம் கட்டை விரல் பட்டனுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. பாடகரும் மைக்கும் இடத்தை விட்டு நகர்வதில்லை, ஒருமுறை கட்டை விரலால் பிடித்துவிட்டு அப்புறம் முகம் மலரும் வரை சும்மா காத்திருக்கலாம். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

துணி சுற்றினால் சத்தம் குறையுமா?

கொஞ்சம் குறையும். சினிமா ஸ்டில் போட்டோகிராபர்கள் லைவ் சவுண்ட் எடுக்கும் செட்டில் பிளிம்ப் என்று ஒரு பெட்டியைக் கேமராவுக்கு மாட்டுவார்கள், உள்ளே கனமான ஸ்பாஞ்சு, சத்தம் ஏறக்குறைய அமுங்கிவிடும். நமக்கு அது கட்டுப்படியாகாது, உள்ளே இருக்கும் பட்டன்களையும் தொட முடியாது. நான் ஒரு பழைய டர்க்கி டவலை நான்காக மடித்துப் பாடியின் மேலும் இடப்பக்கமும் போட்டுக்கொள்கிறேன், அந்த உச்சஸ்தாயி 'ளக்'கைத்தான் துணி முதலில் தின்னும், அதுவே போதும். மேடையின் மரப்பலகையில் ட்ரைபாட் வைக்காதீர்கள், அதிர்வு கால் வழியாகப் பலகைக்கு இறங்கும். கீழே நின்று முகத்தோடு அழுத்திப் பிடியுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது சத்தத்தை வைத்து எதையாவது கண்டுபிடிக்கலாமா?

காதை வைத்தே பாதி தெரியும். ஒரே ஷட்டர் ஸ்பீடில் இருபது படம் எடுங்கள், இருபதும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். நடுவில் ஒன்று இழுத்தாலோ, பிசிறடித்தாலோ, கடைக்காரர் என்ன சொன்னாலும் கீழே வைத்துவிடுங்கள். 1/4000இல் ஒரு வெள்ளைச் சுவரை எடுத்து, ஒரு ஓரம் மட்டும் இருட்டாக இருக்கிறதா என்றும் பாருங்கள், திரை சோர்ந்துபோனால் அப்படித்தான் வரும்.

எத்தனை கிளிக் ஓடியது என்பது நிக்கான் படக் கோப்பிலேயே இருக்கும், கேனானில் பெரும்பாலும் கேமராவை கம்ப்யூட்டரில் மாட்டித் தனி மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் கணக்கு 6டிக்கு ஒரு லட்சம், டி750க்கும் 5டி மார்க் 3க்கும் ஒன்றரை லட்சம், டி850க்கு இரண்டு லட்சம். தாண்டியதும் செத்துவிடும் என்று அர்த்தம் இல்லை. பிடி ரப்பரைக் கட்டை விரலால் தள்ளிப் பாருங்கள், நம் ஊர் வியர்வைக்கு அது ஊறி, உப்பி, கழன்று வரும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விலையில் பேசுங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்கு, கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டுப் போகலாமே?

காசு இருந்தால் வாங்குங்கள், சத்தப் பிரச்சினை அன்றே தீர்ந்தது. நிக்கான் டி6, டி780, கேனான் 1டி எக்ஸ் மார்க் 3 எல்லாம் 2020இல் வந்தவை, அதற்கப்புறம் இந்த இரண்டு கம்பெனியும் போன வழி மிரர்லெஸ் வழிதான். அதனாலேயே நல்ல டிஎஸ்எல்ஆர்கள் மலிவாகக் கைக்கு வருகின்றன. டி850 ஒரு முழு சார்ஜில் 1840 படம் என்பது கம்பெனிக் கணக்கு, இரண்டு கச்சேரிக்கு நடுவில் ப்ளக் பாயிண்ட் தேடி கேண்டீன் பக்கம் அலைய வேண்டியதில்லை. கேண்டீனுக்கு அடைக்காகப் போனால் போதும்.